டிவியில் சர்தார் ஜோக், பள்ளியில் அவிழ்ந்த பட்கா: எதற்கு வழக்கு, எதற்குப் புகார்?

திருச்சியில் வளர்ந்து, பஞ்சாபி சீக்கியரை மணந்து, மேற்கு டெல்லியில் கூட்டுக் குடும்பமாக வாழும் வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றிச் சுருக்கித் தருகிறேன்.

வார இறுதியில் ஒளிபரப்பாகும் ஒரு இந்தி நகைச்சுவை நிகழ்ச்சியைக் குடும்பமே உட்கார்ந்து பார்த்திருக்கிறது. அதில் டர்பன் கட்டிய ஒருவர் எதைக் கேட்டாலும் விழிக்கிறார். கடிகாரம் 12 அடித்ததும் கிறுக்குப் பிடித்தவர்போல் ஆடுகிறார். "பாரா பஜ் கயே" (மணி 12 ஆகிவிட்டது) என்று அரங்கமே சேர்ந்து கத்துகிறது. பிறகு, சிறுவன் வேடத்தில் வந்தவரின் உச்சிக் கொண்டையைக் காட்டி, "தலையில் லட்டு வைத்துக்கொண்டு வந்திருக்கிறான்" என்று ஒரு ஜோக். வாசகியின் மகனுக்குப் பத்து வயது. ஒரு பெரிய தனியார் சி.பி.எஸ்.இ. பள்ளியில் ஐந்தாம் வகுப்பு படிக்கிறான். அடுத்த திங்கட்கிழமையே வகுப்பில் அவன் பெயர் லட்டு ஆகிவிட்டது. மூன்றாம் நாள் ஒரு பையன் பின்னாலிருந்து பட்காவை, அதாவது சீக்கியச் சிறுவர்கள் கொண்டையை மூடிக் கட்டும் துணியை, இழுத்து அவிழ்த்துவிட்டான். முடி கலைந்து நின்ற பிள்ளையிடம் வகுப்பாசிரியை, "டிவி ஜோக்தானே, ஸ்போர்ட்டிவாக எடுத்துக்கொள்" என்றாராம். அன்று மாலை மகன் கேட்டது: "முடியை வெட்டிக்கலாமா அம்மா?"

கணவர், "நாங்களே சொல்லிச் சிரிக்கிற ஜோக்குதானே, விடு" என்கிறார். கொழுந்தனார் எஃப்.ஐ.ஆர். போட வேண்டும், ஆட்களைத் திரட்டி சேனல் அலுவலகத்துக்குப் போக வேண்டும் என்கிறார். அந்த நடிகரின் போன் நம்பரைக்கூட எப்படியோ வாங்கி வைத்திருக்கிறார். 1984 நவம்பர் சீக்கியர் படுகொலையின்போது முடியை வெட்டிக்கொண்டு உயிர் தப்பிய மாமனார் மட்டும் எதுவும் சொல்லாமல், நிகழ்ச்சியின் நடுவிலேயே எழுந்து போய்விட்டார். வாசகியின் கேள்விகள்: சர்தார் ஜோக்குகளை உச்ச நீதிமன்றம் தடை செய்துவிட்டதாமே, அதை வைத்து நிகழ்ச்சியை நிறுத்த முடியுமா? மானநஷ்ட வழக்குப் போடலாமா? மகன் பதில் சொல்ல என்ன சொல்லிக்கொடுப்பது?

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் நிகழ்ச்சியைப் பற்றி இரண்டு பக்கம் இருக்கிறது, பட்காவை இழுத்ததைப் பற்றி நான்கு வரி. வழக்கறிஞராக நான் இதைத் தலைகீழாகப் பார்க்கிறேன். சேனலோடு நீங்கள் நடத்தப்போவது பல மாதத்துச் சண்டை. முடிவு எப்படி வரும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. பள்ளியில் நடந்ததோ உங்கள் பிள்ளையின் உடம்பின்மேல் ஒருவன் கைவைத்த விஷயம். அதில் சட்டம் தெளிவாக உங்கள் பக்கம் இருக்கிறது, தீர்வும் சீக்கிரம் கிடைக்கும். ஆகவே அங்கிருந்து தொடங்குவோம்.

பள்ளிக்கூடம்தான் முதல்

பட்காவை அவிழ்ப்பது சட்டையைப் பிடித்து இழுப்பதைப் போன்ற விளையாட்டுச் சேட்டை என்று அந்த ஆசிரியை நினைத்திருக்கலாம். பள்ளிக்கு எழுதும்போது அந்த எண்ணத்தை முதல் பத்தியிலேயே உடையுங்கள். அரசமைப்புச் சட்டத்தின் 25ஆம் பிரிவு, கிர்பான் என்ற குறுவாளை அணிவதைச் சீக்கிய சமயத்தின் பகுதி என்று பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. வெட்டாத முடியைப் பற்றி பஞ்சாப் - ஹரியானா உயர் நீதிமன்றம் 2009இல் விரிவாகத் தீர்ப்பு எழுதியது. மருத்துவக் கல்லூரி இடம் ஒன்றைப் பற்றிய வழக்கு அது. புருவம் திருத்திய மாணவி சீக்கியர் ஒதுக்கீட்டில் வர முடியுமா என்பதுதான் கேள்வி. முடியை வெட்டாமல் காப்பது சீக்கிய சமயத்தின் அடிப்படைக் கூறு என்றது நீதிமன்றம். அந்தத் தீர்ப்பு அந்தப் பெண்ணுக்கு எதிராகப் போனதில் எனக்குத் தனிப்பட்ட வருத்தம் உண்டு. ஆனால் உங்கள் மகனின் கொண்டை ஏதோ சிகை அலங்காரம் இல்லை என்பதற்கு அதைவிட உறுதியான ஆதாரம் வேண்டியதில்லை.

பள்ளி முதல்வருக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். வாய்ச்சொல்லாகப் போய்ப் பேசிவிட்டு வருவது போதாது. பள்ளிகளில் கேலி, துன்புறுத்தலைத் தடுக்கக் குழு அமைக்க வேண்டும் என்று சி.பி.எஸ்.இ. 2015இலேயே சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது. அந்தக் குழுவில் யார் யார் இருக்கிறார்கள், உங்கள் புகார் எந்தத் தேதியில் அதன் முன் வைக்கப்படும் என்று கேளுங்கள். பல பள்ளிகளில் குழு காகிதத்தில்தான் இருக்கும். இந்த ஒரு கேள்வியே அவர்களைக் கொஞ்சம் அசைக்கும். ஆசிரியை சொன்ன வார்த்தையையும் அப்படியே எழுதுங்கள். எந்தக் குழந்தையையும் மன உளைச்சலுக்கு ஆளாக்கக் கூடாது என்கிறது கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு. அவிழ்ந்த தலையோடு நின்ற பிள்ளையிடம் ஸ்போர்ட்டிவாக எடுத்துக்கொள் என்றதும் அந்தக் கணக்கில் வருமா என்ற கேள்விக்குப் பள்ளியே பதில் சொல்லட்டும்.

இழுத்த பையனை என்ன செய்வது? கொழுந்தனார் அவன்மீதும் போலீஸ் புகார் என்கிறாராம். வேண்டாம். அவனுக்கும் பத்து, பதினொன்றுதான் இருக்கும். ஏழு முதல் பன்னிரண்டு வயதுக்குள் இருக்கும் குழந்தை, தான் செய்வது இன்னதென்று உணரும் முதிர்ச்சி இல்லாவிட்டால் குற்றவாளி ஆக மாட்டான் என்பது சட்டம். இதையே பெரியவர் ஒருவர் அவமதிக்கும் நோக்கத்தோடு செய்திருந்தால் இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த நியாய சன்ஹிதாவின் 133ஆம் பிரிவில் இரண்டு ஆண்டு வரை தண்டனை உண்டு. அந்தப் பையனின் பெற்றோரிடம் இதைச் சொல்லுங்கள். மிரட்டலாக வேண்டாம், விஷயத்தின் கனம் புரிவதற்காக.

இன்னொன்று. காலை வழிபாட்டுக் கூட்டத்தில் எல்லோர் முன்னிலும் மன்னிப்பு வேண்டும் என்று நீங்கள் கேட்க நினைப்பது புரிகிறது. யோசித்துப் பாருங்கள். ஆயிரம் பிள்ளைகள் திரும்பிப் பார்க்கப்போவது உங்கள் மகனின் தலையைத்தான். அதற்குப் பதிலாக இவற்றைக் கேளுங்கள்: பட்கா அவிழ்ந்தால் தனியாக உட்கார்ந்து கட்டிக்கொள்ள ஓர் அறை, அந்த நேரம் உடனிருக்க ஒரு பெரியவர், அவன் பெயர் வராமல், அவனை முன்னால் நிறுத்தாமல் வகுப்புக்கு ஒரு பேச்சு. பையில் மாற்று பட்கா ஒன்று இருக்கட்டும். தானே கட்டிக்கொள்ளப் பழக்குங்கள். அதை அப்பா அல்லது தாத்தா சொல்லிக்கொடுத்தால் நல்லது.

போலீஸ் வழக்கு எங்கே போய் நிற்கும்

முதலில் உச்ச நீதிமன்றம் பற்றிய வதந்தி. சர்தார் ஜோக்குகளுக்குத் தடை எதுவும் இல்லை. 2015இல் சீக்கியப் பெண் வழக்கறிஞர் ஒருவர், இத்தகைய ஜோக்குகளை வெளியிடும் இணையதளங்களுக்கு எதிராகப் பொதுநல மனு தாக்கல் செய்தார். 2017 பிப்ரவரியில் நீதிபதிகள் தீபக் மிஸ்ரா, ஆர். பானுமதி அமர்வு, குடிமக்களுக்கு ஒழுக்க நெறி வகுத்துக் கொடுப்பது நீதிமன்றத்தின் வேலை இல்லை, வகுத்தாலும் அதை யார் அமல்படுத்துவது என்கிற ரீதியில் கருத்துச் சொன்னது. 2024 நவம்பரில் நீதிபதிகள் பி.ஆர். கவாய், கே.வி. விசுவநாதன் அமர்வு இது முக்கியமான விஷயம் என்று கூறி, யோசனைகளைத் தொகுத்துத் தர அவகாசம் கொடுத்தது. மனுவை விசாரணைக்கு ஏற்றதும், முக்கியமான விஷயம் என்றதும் வாட்ஸ்அப்பில் பயணம் செய்து தடையாக மாறிவிட்டன.

கொழுந்தனார் சொல்லும் எஃப்.ஐ.ஆர். எந்தப் பிரிவில் வரும்? பழைய 295ஏ, இப்போது நியாய சன்ஹிதாவின் 299. மூன்று ஆண்டு வரை சிறை. ஆனால் மத உணர்வைப் புண்படுத்த வேண்டும் என்ற திட்டமிட்ட, தீய நோக்கம் இருந்ததாக நிரூபிக்க வேண்டும். கவனக்குறைவாலோ தெரியாமலோ செய்த அவமதிப்பு இந்தப் பிரிவில் வராது என்று உச்ச நீதிமன்றம் 1957 முதலே சொல்லிவருகிறது. கிரிக்கெட் வீரர் தோனியைக் கடவுள் உருவில் அட்டைப்படமாகப் போட்ட வழக்கை 2017இல் ரத்து செய்தபோதும் அதையே சொன்னது. மலிவான ஜோக் எழுதியவருக்கு இருந்தது சோம்பேறித்தனம், தீய நோக்கம் இல்லை என்று அவர்கள் வக்கீல் வாதாடுவார். உண்மையைச் சொன்னால் அது பாதி சரியாகவும் இருக்கும். அதோடு, அரசின் முன் அனுமதி இல்லாமல் நீதிமன்றம் இந்தப் பிரிவில் வழக்கைக் கையில் எடுக்கவே முடியாது.

நடந்ததைப் பாருங்கள். 2022 மே மாதம் தாடி மீசை ஜோக்குக்காக நகைச்சுவை நடிகை பாரதி சிங் மீது அமிர்தசரஸில் 295ஏ வழக்குப் பதிவானது. அவரே அந்த ஊர்க்காரர். வீடியோ போட்டு மன்னிப்புக் கேட்டார். ஜோக்குப் பிடிக்காதவர்களுக்கு அந்த மன்னிப்பு கிடைத்தது என்றால், அதற்குச் சட்டப் பிரிவைவிட எதிர்ப்பின் அழுத்தமே காரணம் என்பது என் எண்ணம்.

இதே பிரிவு எதிர்ப்பக்கமும் வெட்டும். 2007இல் தேரா சச்சா சௌதா என்ற ஆன்மிக அமைப்பின் தலைவர் குர்மீத் ராம் ரஹீம், சீக்கியர்களின் பத்தாவது குருவான குரு கோவிந்த் சிங்கைப்போல் உடையணிந்து தோன்றினார் என்று பஞ்சாபே கொந்தளித்தது. பட்டிண்டாவில் அவர்மீது 295ஏ வழக்குப் பதிவானது. தண்டனை எதுவும் வரவில்லை. ஒன்பது ஆண்டு கழித்து, 2016 ஜனவரியில், அதே ராம் ரஹீமை டிவியில் மிமிக்ரி செய்ததற்காக கிக்கு ஷார்தா என்ற நடிகரை ஹரியானா போலீஸ் அதே 295ஏ பிரிவில் கைது செய்தது. மறு ஆண்டே ராம் ரஹீம் பாலியல் வன்கொடுமை வழக்கில் குற்றவாளி என்று தீர்ப்பானது. யாரிடம் ஆள் பலம் இருக்கிறதோ அவர் பக்கமாகத்தான் இந்தப் பிரிவு வேகமாக ஓடும். 2011 கணக்கெடுப்பின்படி நாட்டு மக்கள்தொகையில் 1.7 சதவீதமாக இருக்கும் ஒரு சமூகம் இதை நம்பி இறங்குவதற்கு முன் இரண்டு முறை யோசிக்க வேண்டும்.

மானநஷ்ட வழக்கும் நிற்காது. பெரிய சமூகம் முழுவதையும் பொதுவாகச் சொன்ன சொல்லுக்கு அதில் ஒருவர் வழக்குப் போட முடியாது. அவரைத்தான் சொன்னார்கள் என்று அடையாளம் காட்டக்கூடியதாக இருக்க வேண்டும். இது தமிழ்நாட்டில் எல்லோருக்கும் நினைவிருக்கும் வழக்கிலேயே தீர்ந்தது. பத்திரிகையில் சொன்ன கருத்துக்காக நடிகை குஷ்பு மீது குவிந்த 23 புகார்களை 2010இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்ததே, அந்தத் தீர்ப்பில்.

கொழுந்தனாரிடம் இருக்கும் போன் நம்பரைப் பற்றி: இன்றே அழித்துவிடச் சொல்லுங்கள். அதைக் குரூப்பில் போட்டு, யாரோ முகம் தெரியாதவர் கொலை மிரட்டல் விடுத்தால், போலீஸ் முதலில் தேடி வருவது உங்கள் வீட்டுக்குத்தான். அதற்குப் பிறகு பட்காவை யாரும் பேச மாட்டார்கள்.

சேனலுக்கு எழுதும் முறை

கோபத்தை இங்கே செலவழியுங்கள். கேபிள் டிவி விதிகளில் நிகழ்ச்சி நெறிமுறை என்று ஒன்று இருக்கிறது, 6ஆம் விதி. சமயங்களையோ சமூகங்களையோ தாக்குவது, சமயக் குழுக்களை இழிவாகக் காட்டும் காட்சி அல்லது சொல், இவை கூடாது என்கிறது அதன் ஓர் உட்பிரிவு. குழந்தைகளை இழிவுபடுத்தக் கூடாது என்கிறது இன்னொன்று. இனம், மொழி, வட்டாரம் சார்ந்த மக்களை ஏளனமாகச் சித்திரிக்கக் கூடாது என்கிறது மற்றொன்று. அலுவலகத்தில் உங்களை "மதராசி" என்று பேசிக்காட்டிய கதையை எழுதியிருந்தீர்கள். டிவியில் வந்தால் அதுவும் இந்தக் கடைசி உட்பிரிவில்தான் வரும். நம் பக்கத்துத் திரையில் "நம்பள் நிம்பள்" என்று பேசவைக்கப்படும் சேட்டும் அதில்தான் வருவார். நாம் அதற்குச் சிரித்திருக்கிறோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இந்த விதியை மீறியதாகப் புகார் செய்யத் தீய நோக்கத்தை நிரூபிக்க வேண்டாம். காட்டப்பட்டது என்ன என்பது போதும். முதல் புகார் சேனலுக்கே போக வேண்டும். 2021இல் திருத்திய விதிகளின்படி 24 மணி நேரத்தில் ஒப்புகை, 15 நாளில் முடிவு தெரிவிக்க வேண்டும். பதில் வராவிட்டாலோ திருப்தி இல்லாவிட்டாலோ 15 நாளுக்குள் சேனல் சேர்ந்திருக்கும் சுயகட்டுப்பாட்டு அமைப்புக்கு மேல்முறையீடு. பொழுதுபோக்குச் சேனல்களுக்கு அது பெரும்பாலும் பி.சி.சி.சி. எனப்படும் குழு, ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் 2011 முதல் இயங்குவது. எச்சரிக்கலாம், கண்டிக்கலாம், திரையில் மன்னிப்பு ஓடவிடச் சொல்லலாம். அதற்கு 60 நாள் கெடு. அங்கும் தீராவிட்டால், மறுபடி 15 நாளுக்குள் தகவல் ஒலிபரப்பு அமைச்சகம்.

ஒளிபரப்பாகி மூன்று வாரம் ஆகிவிட்டது என்கிறீர்கள். இனியும் தள்ளிப்போடாதீர்கள். தேதி, நேரம், எந்த நிமிடத்திலிருந்து எந்த நிமிடம் வரை, பேசப்பட்ட வசனம், இவ்வளவும் வேண்டும். "எங்கள் மனம் புண்பட்டது" என்ற வாக்கியத்தை ஒருமுறைக்கு மேல் எழுதாதீர்கள். அதைப் படித்துப் படித்து அவர்களுக்கு மரத்துப்போயிருக்கும். இப்படி எழுதுங்கள்: "இந்தக் காட்சியில் சீக்கியச் சிறுவனின் கொண்டை உணவுப் பண்டத்தோடு ஒப்பிடப்பட்டது. அடுத்த திங்கட்கிழமை முதல் பத்து வயது மாணவன் ஒருவன் பள்ளியில் அதே சொல்லால் அழைக்கப்படுகிறான்." மகனின் பெயர், பள்ளியின் பெயர் வேண்டாம். நிகழ்ச்சியைத் தடை செய்யச் சொல்லிக் கேட்காதீர்கள், கிடைக்காது. மறு ஒளிபரப்பிலும் சேனலின் ஆப்பிலும் யூடியூபிலும் அந்த மூன்று நிமிடத்தை நீக்க வேண்டும் என்று கேளுங்கள். துண்டுக் காட்சியாக அது சுற்றிக்கொண்டே இருப்பதுதான் உங்கள் பிள்ளைக்கு ஆபத்து.

தேசிய சிறுபான்மையினர் ஆணையத்துக்கும் ஒரு பிரதி அனுப்பலாம். அது அறிக்கை கேட்கும், தண்டிக்காது. குருத்வாரா கமிட்டியின் கடிதம் கூடவே போனால் சேனல் கொஞ்சம் நிமிர்ந்து உட்காரும். ஆனால் கமிட்டிக்குத் தேர்தல் உண்டு, அரசியல் உண்டு. உங்கள் மகனின் படம் அவர்கள் போஸ்டரில் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்குள்

உங்கள் கணவர் சொல்வதில் உண்மை இருக்கிறது. சீக்கியர்களைப்போலத் தங்களைத் தாங்களே கிண்டல் செய்துகொள்ளும் சமூகங்கள் குறைவு. அவரிடம் ஜஸ்பால் பட்டியை நினைவிருக்கிறதா என்று கேளுங்கள். 1980களின் இறுதியில் தூர்தர்ஷனில் டர்பனோடு வந்து நாட்டையே சிரிக்கவைத்தவர், 2012இல் சாலை விபத்தில் இறந்தார். போலி மருத்துவ பில், ஒப்பந்தக்காரர்களின் மோசடி, ஆராய்ச்சி மாணவரை வேலைக்காரராக நடத்தும் பேராசிரியர் என்று அவர் தொடாத விஷயம் இல்லை. டர்பன் அவர் தலையில் இருந்தது, ஜோக் வேறெங்கோ இருந்தது. பார்த்த சிறுவர்கள் யாரும் மறுநாள் பள்ளியில் எவன் தலையையும் இழுக்கவில்லை. உங்கள் கணவர் நண்பர்களோடு உட்கார்ந்து சொல்லும் ஜோக்கில் பிடிக்காவிட்டால் நிறுத்தச் சொல்லும் உரிமை அவருக்கு இருக்கிறது. ஐந்தாம் வகுப்பில் தனியாக நிற்கும் பையனுக்கு அது கிடையாது.

மாமனார் எழுந்து போனதைக் கோழைத்தனம் என்று கொழுந்தனார் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். 1984 நவம்பரில் டெல்லியில் மட்டும் கொல்லப்பட்டவர்கள் அரசுக் கணக்கிலேயே 2,733 பேர். டர்பனையும் தாடியையும் வைத்துத்தான் ஆளை அடையாளம் கண்டார்கள். முடியை இழந்து உயிரைக் காப்பாற்றிக்கொண்ட ஒருவர், பேரன் வயதுப் பையனின் முடியைப் பார்த்து அரங்கம் சிரிப்பதை எப்படிப் பார்த்துக்கொண்டிருப்பார்? அவரைப் பேசச் சொல்லி வற்புறுத்த வேண்டாம். கொழுந்தனாரின் வாயை மட்டும் நீங்கள் அடைக்கலாம், அண்ணியாக அந்த உரிமை உங்களுக்கு உண்டு.

12 மணி ஜோக்குக்குப் பதிலாக, நாதிர் ஷாவின் படையை நள்ளிரவில் தாக்கிப் பெண்களை மீட்ட கதையை மகனுக்குச் சொல்லிக்கொடுக்கப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். 1739இல் டெல்லியைக் கொள்ளையடித்துத் திரும்பிய அந்தப் படையைச் சீக்கியர்கள் வழிமறித்துத் தாக்கினார்கள் என்பது சீக்கிய மரபில் நிலைத்த செய்தி. அந்த 12 மணிக்கு மட்டும் நம்பத்தகுந்த ஆதாரம் கிடையாது. ஆதாரம் இருந்தாலும் நான் இதைச் சொல்லித்தர மாட்டேன். முன்னோர் வீரத்தைச் சான்றிதழாக நீட்டினால்தான் கேலி நிற்கும் என்றால், அப்படிக் கதை எதுவும் இல்லாத சமூகத்துப் பிள்ளைகள் என்ன செய்வார்கள்? "என் பெயர் அது இல்லை. தலையில் கைவைக்காதே." இந்த இரண்டு வாக்கியம் பத்து வயதுக்குப் போதும். கைவைத்தால் யாரிடம் போய்ச் சொல்ல வேண்டும் என்பது அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

முடியை வெட்டுவதா என்ற கேள்விக்கு வழக்கறிஞர் பதில் சொல்லக் கூடாது. அது உங்கள் மகனும் குடும்பமும் முடிவு செய்ய வேண்டியது. ஒன்று மட்டும் சொல்வேன்: முடிவு எதுவானாலும் இந்த மாதம் வேண்டாம். பள்ளி அந்தப் பையனைத் திருத்தி, ஆசிரியை மன்னிப்புக் கேட்டு, உங்கள் மகன் இரண்டு மாதம் பயமில்லாமல் வகுப்பில் உட்கார்ந்த பிறகும் கேட்டால், அப்போது அது அவனுடைய கேள்வியாக இருக்கும். இப்போது அது பின்பெஞ்சுப் பையன்களின் கேள்வி.

பள்ளிக்கு எழுதும் புகாரைத் திங்கட்கிழமையே நேரில் கொடுத்து, பிரதியில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டு வாரத்தில் எழுத்துப்பூர்வமான பதில் வராவிட்டால் அந்தப் பிரதியை இணைத்து டெல்லி குழந்தை உரிமைப் பாதுகாப்பு ஆணையத்துக்கு அனுப்புங்கள். ஆசிரியை சொன்னதைக் கேட்ட வேறு பிள்ளைகளின் பெற்றோர் யாராவது ஒருவர் உங்களோடு கையெழுத்திட்டால் புகாருக்கு வலு கூடும். அவர் சீக்கியராக இருக்க வேண்டும் என்பதில்லை. இல்லாமலிருந்தால் இன்னும் நல்லது.